சலைனிலேயே கரைத்துவிட்டால் கணக்கு எதற்கு?

கேள்வி, மார்ச் 4, மாலை 6.10

கண் சொட்டு மருந்துக்கு எவ்வளவு உப்பு சேர்ப்பது என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போடச் சொல்கிறார்கள். 0.9 சதவீத சலைன் ரத்தத்துக்கும் கண்ணீருக்கும் சமம் என்றால், மருந்தை நேராக அந்தச் சலைனில் கரைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஈ மதிப்பு, உறைநிலைத் தாழ்வு எல்லாம் தேர்வுத்தாளுக்காக வாழ்பவை. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு 9.25

மறுக்கிறேன். 0.9 என்பது கரைசலில் கரைந்திருக்கும் எல்லாப் பொருளுக்கும் சேர்த்து விட்ட இடம். நீங்கள் அந்த இடம் முழுவதையும் உப்புக்கே கொடுத்துவிட்டு, அதன் தலைமேல் மருந்தை ஏற்றுகிறீர்கள்.

1 சதவீத பைலோகார்பின் ஹைட்ரோகுளோரைடு சொட்டு மருந்து 30 மி.லி. வேண்டும் என்று வையுங்கள். மருந்து 0.3 கிராம். இதன் ஈ மதிப்பு 0.24, அதாவது 1 கிராம் மருந்து 0.24 கிராம் உப்பின் வேலையைச் செய்யும். 0.3 × 0.24 = 0.072 கிராம். 30 மி.லி. கரைசல் ஐசோடானிக் ஆக, அதாவது ரத்தத்துக்கும் கண்ணீருக்கும் சமமாக, மொத்தம் 0.27 கிராம் உப்பு வேண்டும். அதில் 0.072-ஐ மருந்தே பார்த்துக்கொள்கிறது. மீதி 0.198 கிராம், 198 மி.கி. உப்பு சேர்த்தால் போதும்.

உங்கள் வழியில் செய்தால் 0.9 + 0.24 = 1.14 சதவீத உப்புக்குச் சமமான கரைசல் கிடைக்கும். பைலோகார்பினே 4 சதவீதம் என்றால் மருந்து மட்டும் 0.96. அங்கே ஒரு சிட்டிகை உப்புக்கும் இடமில்லை. நீங்களோ இன்னொரு 0.9 ஏற்றி 1.86-இல் நிறுத்துவீர்கள்.

மார்ச் 4, இரவு 9.50

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. 198 மி.கி. உப்பையும் 0.3 கிராம் மருந்தையும் 30 மி.லி. தண்ணீரில் போடக்கூடாது. குறைந்த தண்ணீரில் முதலில் மருந்தைக் கரைத்து, பிறகு உப்பைக் கரைத்து, கடைசியில் தண்ணீர் விட்டு 30 மி.லி. கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மருந்து முதலில் என்பதற்கும் காரணம் உண்டு. உப்பு நிறைந்த தண்ணீரில் சில மருந்துகள் கரைய முரண்டு பிடிக்கும்.

மார்ச் 5, காலை 7.05

நேற்று கொஞ்சம் வேகமாக மறுத்துவிட்டேன். இரவு படுத்த பிறகும் அந்த 1.14 மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அது கண்ணுக்கு எரியுமா? பெரும்பாலும் எரியாது. 0.6 முதல் 1.8 சதவீத உப்பு வரை கண் தாங்கும் என்பது பாடநூல்களில் பரவலாக உள்ள வரம்பு. ஒரு சொட்டு விழுந்ததும் கண் சிமிட்டுகிறது, கண்ணீர் கலக்கிறது, மூக்குக்குள் வழிகிறது, சில நிமிடங்களில் செறிவு பழையபடி ஆகிவிடுகிறது. கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் 7 மைக்ரோலிட்டர் அளவுதான். ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். ஆக முதல் சில நொடிகள் சொட்டின் ஆட்சி, அதன் பிறகு கண்ணின் ஆட்சி.

எனவே கேள்வி கேட்டவர் 1 சதவீத பைலோகார்பினை சலைனில் கரைத்துக் கொடுத்திருந்தால் நோயாளிக்குத் தெரிந்திருக்காது. இதை ஒப்புக்கொள்ளாமல் "தவறு" என்று மட்டும் சொல்வது நேர்மையல்ல.

ஆனால் அது தப்பித்த கதை. அந்தப் பழக்கம் அடுத்த குப்பிக்கும், கண் அல்லாத வேறு இடத்துக்கும் கூடவே வரும். அங்கே 1.8 வரை தாங்கும் ஏற்பாடு இருக்காது.

மார்ச் 5, மதியம் 1.30

"ஈ மதிப்பு எங்கிருந்து வருகிறது, அட்டவணையில் இல்லாத மருந்துக்கு என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கரைசலின் உறைநிலை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, அதை உப்பு இறக்கும் அளவோடு ஒப்பிட்டால் வருவதுதான் அது. ரத்தமும் கண்ணீரும் சுத்தத் தண்ணீரைவிட 0.52 டிகிரி செல்சியஸ் கீழே உறையும். 1 சதவீத உப்புக்கரைசல் 0.576 டிகிரி இறக்கும். 0.9 × 0.576 = 0.518. அந்த 0.9 இங்கேதான் பிறக்கிறது.

அளந்த மதிப்பு கையில் இல்லையென்றால் 17-ஐ எல்-ஐசோ மதிப்பால் (பொருள் அயனியாகப் பிரியும் விதத்துக்கேற்ற எண்) பெருக்கி மூலக்கூறு எடையால் வகுக்கலாம். அயனியாகப் பிரியாத பொருளுக்கு எல்-ஐசோ 1.9. உப்பைப் போல இரண்டு ஒற்றை அயனிகளாகப் பிரிவதற்கு 3.4. பைலோகார்பின் ஹைட்ரோகுளோரைடின் மூலக்கூறு எடை 244.7. 17 × 3.4 = 57.8, அதை 244.7-ஆல் வகுத்தால் 0.236. அட்டவணையின் 0.24 வந்துவிட்டது. முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்து இரண்டும் ஒத்துப்போனபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது. மனப்பாடம் செய்த எண்ணுக்கு உடம்பு முளைத்தது போல் இருந்தது.

எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தாது. ஏழு நீர் மூலக்கூறுகள் கொண்ட ஜிங்க் சல்ஃபேட்டுக்கு இதே வழியில், எல்-ஐசோ 2.0 என்று போட்டால் 0.12 வரும். அட்டவணை 0.15 என்கிறது. அட்டவணையில் இருந்தால் அட்டவணையையே எடுங்கள்.

மார்ச் 5, மதியம் 1.45

படிக நீரைப் பற்றி எழுத வந்து மறந்துவிட்டேன். டெக்ஸ்ட்ரோஸ் நீரற்றது என்றால் ஈ 0.18, ஒரு நீர் மூலக்கூறு உள்ளது என்றால் 0.16. 5 சதவீதக் கரைசலில் முதலாவது 0.90 தரும், இரண்டாவது 0.80. பெயர் ஒன்று, புட்டி ஒன்றுபோலவே இருக்கும், தூளும் ஒரே வெள்ளை. தராசுக்குப் போகும் முன் லேபிளை முழுதாகப் படியுங்கள்.

மார்ச் 6, இரவு 8.15

உப்பை நிறுக்கவே வேண்டாத ஒரு வழியும் உண்டு. வொயிட்–வின்சென்ட் முறை. மருந்தின் எடை × ஈ × 111.1 என்று பெருக்கினால், அந்த மருந்து தனியாக எத்தனை மி.லி. தண்ணீரை ஐசோடானிக் ஆக்கும் என்பது கிடைக்கும். 111.1 என்பது 100-ஐ 0.9-ஆல் வகுத்தது. 1 கிராம் உப்பு அத்தனை மி.லி.யை ஐசோடானிக் ஆக்கும்.

நம் பைலோகார்பினுக்கு: 0.3 × 0.24 × 111.1 = 8 மி.லி. மருந்தைக் கரைத்து 8 மி.லி. ஆக்குங்கள். அது அப்போதே ஐசோடானிக். மீதி 22 மி.லி.க்கு 0.9 சதவீத சலைன் விடுங்கள். ஐசோடானிக்கோடு ஐசோடானிக் கலந்தால் ஐசோடானிக்.

அந்த 22 மி.லி. சலைனில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பாருங்கள். 22 × 0.009 = 0.198 கிராம். மார்ச் 4 அன்று போட்ட கணக்கின் அதே 198 மி.கி.

முதல் கேள்வி கேட்டவரே, உங்கள் உள்ளுணர்வு முழுக்கப் பிழையானதல்ல என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சலைனைப் பயன்படுத்தலாம், 30 மி.லி.யில் 22-க்கு மட்டும். முதல் 8 மி.லி. மருந்துக்குச் சொந்தம்.

மார்ச் 8, காலை 6.40

உப்பைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, உப்பே சேர்க்கக்கூடாத இடத்தைச் சொல்லாமல் விட்டால் என்னால் நிம்மதியாக இருக்க முடியாது.

மாணவனாக இருந்தபோது எனக்குக் கொடுத்த சீட்டில் 1 சதவீத சில்வர் நைட்ரேட், 30 மி.லி. என்று இருந்தது. ஈ மதிப்பு 0.33. 0.9-இல் 0.33 போக 0.57 சதவீதம், 30 மி.லி.க்கு 171 மி.கி. உப்பு. எண்களை இரண்டு முறை சரிபார்த்தேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. தெளிந்த சில்வர் நைட்ரேட் கரைசலில் உப்புக்கரைசலை ஊற்றினேன். பீக்கருக்குள் திரிந்த பாலைப் போல வெள்ளை வெள்ளையாகச் சுருண்டது. கைக்கெட்டும் தூரத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளை ஊதாச் சாயலுக்கு மாறத் தொடங்கியது.

அன்று ஆசிரியர் திட்டவில்லை. "மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கணக்குப் போடு" என்றார். 0.3 கிராம் சில்வர் நைட்ரேட் என்பது 1.77 மில்லிமோல். 171 மி.கி. உப்பு 2.9 மில்லிமோல். குளோரைடு வெள்ளியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கரைசலில் வெள்ளி ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. ஐசோடானிக் ஆக்கப் போய் மருந்தையே வெளியே தள்ளியிருந்தேன்.

அங்கே சேர்க்க வேண்டியது சோடியம் நைட்ரேட். அதன் ஈ 0.68. 171-ஐ 0.68-ஆல் வகுத்தால் 251 மி.கி. டோனிசிட்டி சரியாகும், வெள்ளியும் கரைசலிலேயே இருக்கும்.

எண்ணுக்கு வேதியியல் தெரியாது. ஈ மதிப்பு சொல்வது எத்தனை துகள்கள் என்பதை மட்டும். அந்தத் துகள்கள் ஒன்றையொன்று சந்தித்தால் என்ன ஆகும் என்பதை நிறுக்கும் ஆள்தான் யோசிக்க வேண்டும்.

மார்ச் 8, காலை 7.10

குளோரைடு ஒத்துக்கொள்ளாத வேறு சில: பழைய வடிவ ஆம்ஃபோடெரிசின் பி சலைனில் வீழ்படிவாகும், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். குளோர்ஹெக்சிடினும் குளோரைடு மிகுந்தால் கரைசலை விட்டு வெளியேறும். ஃபெனிடாய்ன் நேர் எதிர். அதை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிகமாகும், சலைன்தான் வேண்டும். ஹைட்ரோகுளோரைடு மருந்துகளில் சிலவும், தம்மிடம் உள்ள அதே குளோரைடு வெளியிலிருந்து வந்து குவியும்போது கரைதிறன் குறைந்துவிடும். ஒரே விதியாக்கி மனதில் போட்டுக்கொள்ள வழியில்லை. ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மார்ச் 9, இரவு 10.20

"1.9 சதவீத போரிக் அமிலமும் ஐசோடானிக் என்று படித்தேன். அப்படியானால் அதை ரத்த நாளத்தில் ஏற்றலாமா?" என்று நேற்று ஒருவர் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏற்றக்கூடாது. இந்தக் கேள்வி வந்ததே நல்லது என்றும் நினைக்கிறேன், ஏனென்றால் இந்த இழையின் நடுவில் நிற்க வேண்டிய விஷயம் இதுதான்.

கணக்குப்படி பாருங்கள். போரிக் அமிலத்தின் ஈ மதிப்பு 0.50. 1.9 × 0.5 = 0.95. மூலக்கூறு எடை 61.8, எனவே லிட்டருக்கு 19 கிராம் என்பது 307 மில்லி ஆஸ்மோல் (கரைந்த துகள்களை எண்ணும் அலகு). 0.9 சதவீத சலைனைத் தாளில் போட்டால் 308. ஒரு மயிரிழை வித்தியாசம். உறைநிலைமானியில் வைத்தாலும் இரண்டும் அக்கம்பக்கம்தான் நிற்கும்.

எங்களுக்கு ஆய்வுக்கூடத்தில் இரண்டு சோதனைக் குழாய்கள் கொடுத்தார்கள். ஒன்றில் சலைன், இன்னொன்றில் 1.9 சதவீத போரிக் அமிலம். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு ரத்தம். குழாய்களுக்குப் பின்னால் அச்சிட்ட தாள் ஒன்றைப் பிடிக்கச் சொன்னார்கள். சலைன் குழாய் கலங்கலாக, இளஞ்சிவப்பாக நின்றது. பின்னால் இருந்த எழுத்து தெரியவில்லை. செல்கள் முழுசாக மிதந்தால் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், எழுத்து மறையும். போரிக் அமிலக் குழாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளியத் தொடங்கியது. சிவந்த கண்ணாடி போல ஆயிற்று. பின்னால் இருந்த ஒவ்வொரு எழுத்தும் படிக்க முடிந்தது. அங்கே ஒரு சிவப்பணுகூட முழுசாக இல்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

போரிக் அமிலம் அயனியாகப் பிரியாத சின்ன மூலக்கூறு. சிவப்பணுவின் சவ்வு அதை உள்ளே விடுகிறது. அது உள்ளே போகப் போக, கூடவே தண்ணீரும் போகிறது. செல் ஊதி வெடிக்கிறது. வெளியே நின்று தண்ணீரை இழுத்துப் பிடிக்க வேண்டிய பொருளே உள்ளே போய்விட்டால் சமநிலை எங்கிருந்து வரும்? சோடியம் அயனி அப்படிச் சுலபமாக நுழைய முடியாது, நுழைந்ததையும் செல் வெளியே இறைத்துவிடும். சலைன் வேலை செய்வதே அதனால்தான்.

எனவே இரண்டு சொற்கள், இரண்டு பொருள். துகள் எண்ணிக்கை சமம் என்றால் ஐசோஆஸ்மோட்டிக். அதை உறைநிலையே சொல்லிவிடும். ஐசோடானிக் என்பது ஒரு குறிப்பிட்ட சவ்வைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். யூரியாவும் கிளிசரினும் இதே வகையில் ஏமாற்றும். துகள் கணக்கு சரியாக இருக்கும், சிவப்பணு உடையும். அதே போரிக் அமிலம் கண்ணின் மேற்பரப்பில் ஒத்துப்போகிறது. சொட்டு மருந்துகளுக்கு 1.9 சதவீதக் கரைசல் நெடுங்காலமாக அடிநீராக இருந்துவந்திருக்கிறது. பொருள் ஒன்றுதான். அதைச் சந்திக்கும் சவ்வு வேறு.

இனி யாராவது "இது ஐசோடானிக்" என்று சொன்னால் "எதற்கு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

மார்ச் 10, காலை 9.00

திருத்தம். மார்ச் 4 குறிப்பில் 4 சதவீத பைலோகார்பினுக்கு 0.96 என்று எழுதினேன். 1 சதவீதக் கரைசலுக்குக் கொடுத்த 0.24-ஐ 4 வரை இழுத்தது பிழை. செறிவு ஏற ஏற அயனிகள் ஒன்றையொன்று தடுத்துக்கொள்வதால் ஈ மதிப்பு சற்று இறங்கும். உண்மையில் ஏறக்குறைய 4 சதவீதத்தில் இந்த மருந்து தானாகவே ஐசோடானிக். உப்புக்கு இடமில்லை என்ற முடிவு மாறவில்லை, 0.96 என்ற எண்தான் மிகை. அதை வைத்து எழுதிய 1.86-ஐயும் 1.8 என்று வாசித்துக்கொள்ளுங்கள். நல்ல அட்டவணைகளில் ஒவ்வொரு மருந்துக்கும் செறிவுவாரியாக மதிப்புகள் இருக்கும். உங்கள் செறிவுக்கு அருகில் உள்ளதை எடுங்கள்.

மார்ச் 12, இரவு 9.40

308 என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "எங்கள் ஆஸ்மோமீட்டர் சலைனுக்கு 286 காட்டுகிறது, கருவி பழுதா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

பழுதில்லை. இதே இடத்தில் நான் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சலைனை வைத்தேன், 286. மறுபடி வைத்தேன், 287. லேபிளில் 308 என்று அச்சிட்டிருந்தது. உப்பு குறைவாக நிறுத்திருக்கிறேன் என்று முடிவுகட்டி, புதிதாக நிறுத்துக் கரைத்தேன். அதுவும் 286. கருவியைத் தரப்படுத்தினேன், குழாயை மாற்றினேன், நல்ல கரைசலைக் கீழே ஊற்றினேன். மாலையில் ஒரு மூத்தவர் வந்து எட்டிப் பார்த்து, "308 தாளில் வரும் எண், 286 தண்ணீரில் வரும் எண்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது 154 மில்லிமோல். ஒவ்வொன்றும் சோடியம், குளோரைடு என்று முற்றாகப் பிரிந்து தனித்தனியே நடமாடுவதாக வைத்துக்கொண்டால் 308. நிஜத்தில் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட அயனிகள் ஒன்றையொன்று கவனித்துக்கொண்டேதான் திரிகின்றன, முழுச் சுதந்திரம் இல்லை. அதற்கான திருத்தக் குணகம் ஏறத்தாழ 0.93. 308 × 0.93 = 286. ரத்த பிளாஸ்மா ஒரு கிலோ தண்ணீருக்கு 275 முதல் 295 வரை. சலைன் அதன் நடுவில் வந்து உட்காருகிறது. ஒப்பிடும்போது அளந்த எண்ணை அளந்த எண்ணோடும், தாள் எண்ணைத் தாள் எண்ணோடும் வையுங்கள்.

ஈ முறையின் அழகு எனக்கு அன்றுதான் பிடிபட்டது. அளந்த உறைநிலையிலிருந்து பிறந்ததால் அந்த 0.93 ஏற்கெனவே அதற்குள் அடங்கியிருக்கிறது. நாம் தனியாகத் திருத்த வேண்டியதில்லை.

மார்ச் 13, காலை 7.30

எந்த வழியில் கொடுத்தால் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்ற கேள்விக்கு.

கண்: மேலே சொன்ன வரம்பு. சில இடங்களில் வேண்டுமென்றே தாண்டுவார்கள். கருவிழி வீங்கியிருந்தால் 5 சதவீத உப்புச் சொட்டு, தண்ணீரை வெளியே இழுக்க.

ரத்த நாளம்: சிவப்பணுக்கள் 0.45–0.5 சதவீத உப்பில் உடையத் தொடங்கி, 0.3-ஐ நெருங்கும்போது முழுக்க உடைந்துவிடும். 0.45 சதவீத சலைனை நாளத்தில் ஏற்றுகிறார்களே என்றால், மெதுவாகச் சொட்டும்போது ஓடும் ரத்தம் உடனுக்குடன் கலந்து சமன்செய்கிறது. வெறும் ஊசித் தண்ணீரை (ஊசி மருந்து கலக்கும் சுத்தத் தண்ணீர்) அப்படி ஏற்றினால் செல்கள் உடையும், உயிருக்கே ஆபத்து.

தோலுக்கடியில்: ஐசோடானிக் இல்லையென்றால் வலிக்கும், உறிஞ்சப்படும் வேகமும் மாறும்.

தண்டுவட நீர்: கட்டாயம் ஐசோடானிக். மொத்தமே 150 மி.லி. அளவு நீர், மெதுவாகப் புரளும். அங்கே கழுவிக்கொண்டு போக கண்ணீர் இல்லை.

மார்ச் 13, இரவு 8.50

"கட்டாயம்" என்று எழுதியதை ஒரு மயக்க மருத்துவர் பிடித்துக்கொண்டார். அவர் சொல்வது சரி. முதுகில் போடும் ஹெவி பூபிவக்கெய்ன் என்ற மரப்பு மருந்தில் மி.லி.க்கு 80 மி.கி. டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறது. 8 சதவீதம். 5 சதவீதமே ஐசோடானிக் என்றால் இது தெளிவாக ஹைப்பர்டானிக். தண்டுவட நீரைவிடக் கனமாக இருந்து, படுக்கும் வாக்கில் கீழ்நோக்கி இறங்க வேண்டும் என்பதற்காகவே அந்த டெக்ஸ்ட்ரோஸ். கொடுக்கும் அளவு இரண்டு, மூன்று மி.லி.தான்.

ஆக என் வாக்கியத்தை மாற்றுகிறேன். அங்கே ஐசோடானிக்கிலிருந்து விலகினால், அந்த விலகலுக்கு ஒரு காரணமும் ஓர் அளவும் இருக்க வேண்டும். கவனக்குறைவால் விலகக்கூடாது.

மார்ச் 16, மாலை 5.15

கொஞ்சம் விலகிப் போகிறேன். 0.9-ஐ முதலில் கண்டவர் யார் என்று தேடிப் போனால், வழியில் ஒரு செடி நிற்கிறது. நெதர்லாந்துத் தாவரவியலாளர் ஹ்யூகோ டி வ்ரீஸ் 1884-இல் தாவரச் செல்களை வெவ்வேறு கரைசல்களில் வைத்து, எந்தச் செறிவில் உள்ளுறை சுவரை விட்டு விலகிச் சுருங்கத் தொடங்குகிறது என்று பார்த்தார். அந்தச் செறிவுகளை ஒன்றுக்கொன்று சமம் என்று எடுத்துக்கொண்டார். அதே நாட்டவரான ஹார்டோக் ஹாம்பர்கர் அந்த யோசனையைச் சிவப்பணுவுக்குக் கொண்டுபோனார். எந்தச் செறிவுக்குக் கீழே செல் உடைந்து நிறம் கசிகிறது என்று அளந்தார். பாலூட்டிகளின் ரத்தத்துக்கு அவர் எட்டிய எண் 0.92. வேதியியலாளர் வான்ட் ஹாஃப் 1887-இல் கொடுத்த சவ்வூடு அழுத்தச் சமன்பாட்டுக்கு டி வ்ரீஸின் அளவீடுகளும் ஆதாரமாக நின்றன.

எனக்கு இதில் பிடித்தது இதுதான்: முதலில் செல்லைக் கேட்டார்கள், பிறகுதான் உறைநிலைமானி வந்தது. நாம் இன்று தலைகீழாகக் கற்கிறோம். எண்ணில் தொடங்கி, செல்லை மறந்துவிடுகிறோம். போரிக் அமிலக் குழாய் எங்களை அவ்வளவு உலுக்கியது அதனால்தான்.

இன்னொன்று. 1832-இல் தாமஸ் லாட்டா காலரா நோயாளிகளின் நாளத்தில் உப்புநீர் ஏற்றியபோது இந்த எண்கள் எதுவும் கிடையாது. அவர் கலந்தது ரத்தத்தைவிட நீர்த்த கரைசல். ஆனாலும் அதில் பிழைத்தவர்கள் உண்டு.

மார்ச் 19, இரவு 9.05

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், ஒரு கணக்கோடு. மிகவும் சந்தோஷம். 0.5 சதவீத டெட்ரகெய்ன் ஹைட்ரோகுளோரைடு, 50 மி.லி., ஈ 0.18. மருந்து 0.25 கிராம், அதன் உப்புச் சமானம் 0.045. தேவை 0.45. உப்பு 405 மி.கி. ஒவ்வொரு வரியும் சரி.

கடைசி வரியில் "1.9 சதவீத போரிக் அமில அடிநீரில் கரைத்து 50 மி.லி. ஆக்கவும்" என்று இருக்கிறது. அங்கே நிறுத்துங்கள். கூட்டிப் பாருங்கள்: போரிக் அமிலம் 0.95, மருந்து 0.09, உப்பு 0.81. மொத்தம் 1.85.

மருந்தை எண்ணினீர்கள், அடிநீரை எண்ணவில்லை. இதே பிழையை பாஸ்பேட் பஃபரில் நான் செய்திருக்கிறேன். பஃபர் என்பது பி.எச்.-க்காக வந்தது என்று மனம் ஒதுக்கிவைத்துவிடுகிறது. அது உப்பு கரைத்த தண்ணீர் என்பது மறந்துபோகிறது. புட்டிக்குள் போகும் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி ஒவ்வொன்றுக்கும் ஈ போடுங்கள். 0.01 சதவீத பென்சல்கோனியம் குளோரைடு போன்றவை 0.0016 என்று வரும், அடித்துவிடலாம். ஆனால் எழுதிவிட்டு அடியுங்கள்.

இந்த மருந்தில் இன்னும் ஒரு காரணத்துக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். டெட்ரகெய்ன் கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்து. மற்றச் சொட்டு மருந்து அளவு மீறினால் நோயாளி "எரிகிறது" என்று சொல்வார். இங்கே முதல் சில நொடிகளுக்குப் பிறகு அந்தக் குரலே வராது.

மார்ச் 19, இரவு 9.30

வழி இரண்டு. ஊசித் தண்ணீரில் கரைப்பதானால் உங்கள் 405 மி.கி. அப்படியே நிற்கட்டும். போரிக் அமில அடிநீர்தான் வேண்டும் என்றால் உப்பு பூஜ்யம். 0.95 + 0.09 = 1.04, கண்ணுக்கு அது போதும். கிருமிநீக்கம் தனிக் கதை. அது முடியாமல் எதுவும் யார் கண்ணுக்கும் போகக்கூடாது.

மார்ச் 20, காலை 6.50

அவர் பதில்: "இரண்டாவது வழி. உப்புப் புட்டியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்."